நாற்பது வருஷத்துக்கு ஒரு எபிசோட்

சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் நுழைந்து, நூற்றுக்கால் மண்டபத்தின் கல் சங்கிலியை எல்லோரையும் போல அண்ணாந்து பார்த்துவிட்டு அப்பால் நடந்தால் அனந்தசரஸ் குளம். தண்ணீருக்கு நடுவே ஒரு நீராழி மண்டபம், பக்கத்திலேயே சின்னதாக ஒரு நாலுகால் மண்டபம். நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை இந்தத் தண்ணீரிலிருந்து வெளியே எடுக்கப்படும் அத்தி மரப் பெருமாள்தான் அத்தி வரதர். படியில் உட்கார்ந்திருக்கும் யாரிடம் வேண்டுமானாலும் ‘அத்தி வரதர் எங்கே இருக்கார்?’ என்று கேளுங்கள். கை நீளும் திசை ஒன்றுதான், அந்தச் சின்ன மண்டபம். அதற்கு அப்புறம் வருகிற விவரங்கள்தான் ஆளுக்கு ஆள் வேறு.

வெள்ளிப் பெட்டிக்குள் படுத்திருக்கிறார் என்றார் பூக்கடைக்காரர். பெட்டியெல்லாம் கிடையாது, கல் தொட்டிதான் என்றார் அவரிடம் பூ வாங்க வந்தவர். ஆதிசேஷனே காவல் இருக்கிறான், அதனால்தான் குளத்துக்கு அனந்தன் பேர் என்றார் இன்னொருவர். மண்டபத்துக்கு அடியிலிருந்து சுரங்கம் போகிறது என்றார் ஆட்டோக்காரர். எங்கே போகிறது என்று கேட்டால் வண்டியை எடுத்துவிட்டார். இதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு பையன், ‘சார், இதெல்லாம் பழைய தியரி’ என்றான்.

பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். அப்பா பட்டு நெசவு. வீட்டுக்குக் கூட்டிப் போனான். ஓட்டு வீட்டின் முன்கட்டில் குழித்தறி, தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி, அதிலிருந்து ஓட்டை ஓட்டையாகத் தொங்கும் அட்டைகள். ஓரத்தில் அவன் ஆயா ராட்டினத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். பையன் தறிக்கு எதிரே சுவரில் சாய்ந்து, போனைக் காட்டி, ஒரு ஜப்பானிய பேய்க் கதையை விளக்க ஆரம்பித்தான். முக்கால் மணி நேரம். நடுவில் இரண்டு முறை அவன் அப்பா நாடாவை நிறுத்திவிட்டு, ‘இன்னும் முடியலியா?’ என்று கேட்டார்.

அனிமே இன்று காஞ்சிபுரத்துக்குப் புதிதில்லை. ‘ஜுஜுட்சு கைசன்’ தமிழிலேயே பேசுகிறது. 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேஸில்’ தமிழ்க் குரல்களோடு தியேட்டருக்கே வந்தது. ஆனால் இந்தப் பையனுக்குப் பிடித்தது கொஞ்சம் பழசு. ‘ஹிகுராஷி நோ நாகு கோரோ நி’. ஹிகுராஷி என்பது அந்தி நேரத்தில் கத்தும் ஒரு சிள்வண்டு. அது கத்துகிற காலத்தில் நடப்பதாகக் கதை.

ஹினாமிசாவா என்று ஒரு மலைக் கிராமம். ஊருக்கு ஒரு தெய்வம், ஓயாஷிரோ சாமி. வருஷத்துக்கு ஒரு திருவிழா. அந்தத் திருவிழா இரவில் ஒவ்வொரு வருஷமும் ஒருவர் செத்துப்போகிறார், ஒருவர் காணாமல் போகிறார். கோயிலில் யாரும் நுழையக்கூடாத ஒரு பூட்டிய அறை. நுழைந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பது தனிக் கதை. ஊரை மூழ்கடிக்க ஓர் அணைத் திட்டம் வந்ததிலிருந்து எல்லாம் தொடங்குகிறது. மனிதன் செய்கிறானா, தற்செயலா, சாமி குற்றமா? மொத்தக் கேள்வியும் இவ்வளவுதான்.

ரியூகிஷி07 என்ற புனைபெயர்க்காரர் 2002இல் இதைக் கணினியில் படிக்கும் விளையாட்டாகத்தான் முதலில் வெளியிட்டார். விளையாட்டு என்று பேர், ஆனால் அழுத்துவதற்கு ஒரு பொத்தானும் இல்லை. வாசிக்க வேண்டும், யோசிக்க வேண்டும், அவ்வளவே. முதல் நான்கு பாகங்கள் கேள்வி, அடுத்த நான்கும் பதில். 2002 ஆகஸ்டில் தொடங்கி 2006 ஆகஸ்டில் முடிந்தது. நடுவில் நாலு வருஷம் ஜப்பான் ரசிகர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். சரியாகக் கண்டுபிடிப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான் என்று விளம்பரத்திலேயே சவால் விட்டிருந்தார்கள். கதை முடிந்த கையோடு, செத்துப்போன பாத்திரங்கள் எல்லாம் எழுந்து வந்து வட்டமாக உட்கார்ந்து, யார் கொலையாளி என்று தங்களுக்குள்ளேயே வாதம் பண்ணுவார்கள். இது எனக்கு ரொம்பப் பிடித்தது. நம்மூரில் கூத்து முடிந்து அரிதாரம் கலைக்கும்போது பேசிக்கொள்வது போல.

2006இல் அது அனிமே ஆனது. கிராமத்துக்கு மாதிரி ஷிராகாவா-கோ என்ற நிஜ ஊர். 1995 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் கூரை வீட்டுக் கிராமம். ரசிகர்கள் அங்கே போய், ஹச்சிமன் கோயிலில் வேண்டுதல் பலகைகளில் கதாபாத்திரங்களை வரைந்து தொங்கவிட்டுவிட்டு வருகிறார்கள். கற்பனைச் சாமிக்கு நிஜக் கோயிலில் பிரார்த்தனை.

இதற்கு நாம் சிரிக்க முடியாது. ‘மர்மதேசம்’ ஓடிய தொண்ணூறுகளை நினைத்துப் பாருங்கள். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா இயக்கம், பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. ‘ரகசியம்’ தொடரில் இரவில் யாரும் தங்கக்கூடாத ஒரு கோயில், உள்ளே நவபாஷாண லிங்கம். ‘விடாது கருப்பு’ வந்த வாரங்களில், குதிரையில் வருவது சாமியா ஆளா என்று பேசாத டீக்கடை இல்லை. எங்கள் தெருவில் ஒரு தாத்தா, ‘எழுதுற ஆளுக்கே இன்னும் தெரியாதுடா’ என்று ஒரே போடாகப் போட்டார். கடைசியில் மனநல விளக்கம் வந்தபோது பாதிப் பேருக்கு ஏமாற்றம். இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் காலமானபோது பலரும் நினைவுகூர்ந்தது அந்த விடையை அல்ல. காத்திருந்தது வியாழனுக்கு வியாழனா செவ்வாய்க்குச் செவ்வாயா என்று கிழமைகூடக் குழம்பியவர்களுக்கும், அந்தக் குதிரைக் குளம்புச் சத்தம் மட்டும் குழம்பவில்லை.

ஹிகுராஷிக்கும் அதேதான் நடந்தது. (பார்க்க நினைப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) பதில் பாகங்களில் காலம் திரும்பத் திரும்பச் சுழல்வதும், சாமியே ஒரு சின்னப் பெண்ணாக வந்து பேசுவதும், கிராமத்துக்கே உரிய ஒரு நோயும் வெளிப்பட்டன. உட்கார்ந்து துப்பறிந்துகொண்டிருந்தவர்களில் ஒரு பகுதியினர் ‘இது அழுகுணி ஆட்டம்’ என்று கோபித்துக்கொண்டார்கள். பூட்டைத் திறந்ததும் உள்ளே இருப்பது எதுவானாலும் கொஞ்சம் சின்னதாகத்தான் தெரியும் போலிருக்கிறது.

சின்ன காஞ்சிபுரத்தின் விசேஷம் என்னவென்றால், இங்கே பூட்டு திறக்கப்பட்டது. ஒருவர் இருவர் இல்லை, ஒரு கோடிக்கும் மேலானவர்கள் உள்ளே இருந்ததைப் பார்த்தார்கள். அப்புறமும் தியரி குறையவில்லை. கூடியிருக்கிறது!

2019ஐ நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் காய்ந்து கிடந்த கோடை. அந்த நேரம் பார்த்துக் குளத்து நீரை இறைத்து, ஜூன் கடைசியில் ஓர் இரவு, வெளியாட்கள் யாரும் இல்லாத வேளையில் அத்தி வரதரை எடுத்தார்கள். வசந்த மண்டபத்தில் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். ஜூலை முழுக்கச் சயனக் கோலம், ஆகஸ்ட் பிறந்ததும் நின்ற கோலம். குடியரசுத் தலைவராக இருந்த ராம்நாத் கோவிந்திலிருந்து மூன்று நாள் வரிசையில் நின்ற வியாபாரி வரை வந்தார்கள். நெரிசலில் உயிர்களும் போயின. நாட்களை நீட்டக் கேட்டு உயர் நீதிமன்றம் வரை போனார்கள், நீதிமன்றம் மறுத்தது. மறுபடி தண்ணீருக்குள் வைக்கவே கூடாது, படையெடுப்புப் பயம்தான் தீர்ந்துவிட்டதே என்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஜீயர் சொன்னது பெரிய விவாதமானது. ஆகஸ்ட் 17 இரவு அவர் திரும்பவும் குளத்துக்குள் போனார். அடுத்து 2059.

மறுநாளே வாட்ஸ்அப்பில் தியரிகள் கிளம்பின. காட்டியது அசல் இல்லை, அசல் இன்னும் அடியில் இருக்கிறது. படுத்தவரும் நின்றவரும் ஒருவர் இல்லை. ராத்திரியில் எடுத்தது ஏன்? கேமரா ஏன் விடவில்லை? இந்தக் கடைசி இரண்டு கேள்விகளை என்னிடம் கேட்டபோது பையனின் கண்ணில் ஓயாஷிரோ சாமியின் பூட்டிய அறை தெரிந்தது.

ஆயா தாரை மாற்றிக்கொண்டே குறுக்கே வந்தார். அவர் இதற்கு முன் 1979இல் எடுத்தபோதும் பார்த்தவர். ‘அப்போ இன்னா கூட்டம் இருந்திச்சு? பொழுதோட போய் நின்னு பார்த்துட்டு வந்தோம். கொழந்தைய இடுப்புல வச்சிக்கினே போனேன். இவன் அப்பனத்தான்.’ முகம் அதேதானா என்று கேட்டேன். ‘எனக்கு அப்போ இருபத்திரெண்டு. சாமி மூஞ்சிய எங்க பார்த்தேன், வேண்டிக்கினே கண்ண மூடிட்டேன்.’ பையன் தலையில் அடித்துக்கொண்டான். இரண்டு எபிசோடையும் பார்த்த ஒரே சாட்சி இப்படி ஆகிவிட்டதே என்று.

சரி, ஏன் தண்ணீருக்குள் வைத்தார்கள்? ஊரில் மூன்று பதில் புழங்குகிறது. படையெடுப்புக்குப் பயந்து ஒளித்தது ஒன்று. பிரம்மாவின் யாகத் தீயில் தோன்றியவர், அந்த வெப்பம் தணியக் குளிர்ந்த நீருக்குள் வைக்கும்படி அவரே கனவில் சொன்னார் என்பது ஒன்று. மூலவர் மரத்திருமேனி பின்னப்பட்டதால் கல் திருமேனி வந்தது, பழையதை ஆகம முறைப்படி நீரில் சேர்த்தார்கள் என்பது மூன்றாவது. அந்தக் கல் மூலவரும் பழைய சீவரம் மலையிலிருந்து வந்தவர் என்பார்கள். இன்றும் பொங்கலையொட்டிப் பார்வேட்டைக்கு வரதர் அங்கே போய்வருகிறார். மூன்றில் எனக்கு மூன்றாவதுதான் நம்பும்படி இருக்கிறது. சுவாரஸ்யம் குறைவான பதில் என்பதே அதற்கு ஒரு பலம்.

நாற்பது வருஷக் கணக்கும் நாம் நினைக்கிற மாதிரி கடிகாரம் இல்லை. 1854, 1892 என்று பழைய ஆண்டுகளைச் சொல்கிறார்கள். இடைவெளி முப்பத்தெட்டு. அதற்கடுத்தது 1937 என்றும் 1939 என்றும் இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள். சந்தேகமில்லாமல் நாற்பது வருவது 1979க்கும் 2019க்கும் நடுவில்தான். பையனிடம் இதைச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘அப்போ நடுவுல ரெண்டு வருஷத்த யார் சார் மாத்துனாங்க?’ என்றான். என்னிடம் வேறு பதில் இல்லை.

உண்மையில் இந்தக் கோயிலில் ஒளித்துவைத்த கதை ஒன்று இருக்கிறது. அதற்குக் கல்வெட்டும் இருக்கிறது. 1688. ஔரங்கசீப்பின் படை தெற்கே இறங்கிக்கொண்டிருந்த காலம். காஞ்சியின் பெரிய கோயில்களில் இருந்தவர்கள் கூடிப் பேசி, உற்சவத் திருமேனிகளை ஊரைவிட்டு வெளியே கொண்டுபோக முடிவெடுத்தார்கள். எப்படிக் கொண்டுபோவது? பாடையில். பெருமாளைப் பிணம் போலக் கட்டி, பிணம் போவது போலத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று இந்தக் கோயிலைப் பற்றி 1975இல் நூல் எழுதிய கே.வி. ராமன் சொல்கிறார். தினமும் மாலையும் குடையுமாக ஏளப்பண்ணிய தோள்கள் அவை. அன்றைக்கு அதே தோள்கள் பாடை சுமந்தன. நிஜச் சாவுக்கு அழுவது போல யாராவது அழுதிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழியில் நிறுத்தியிருப்பார்கள். அழுவதற்கு அவர்களுக்கு நடிப்பு தேவைப்பட்டிருக்காது என்றுதான் தோன்றுகிறது.

போய்ச் சேர்ந்த இடம் உடையார்பாளையம் காடு, இன்றைய அரியலூர்ப் பக்கம். இருபத்திரண்டு வருஷம். அபாயம் நீங்கித் திரும்பக் கேட்டபோது அங்கிருந்த பாளையக்காரருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. பெருமாள் மேல் ஆசை வைத்துவிட்டார். ஆத்தான் ஜீயர், தம்மிடம் பக்தி கொண்ட லாலா தோடர்மல்லிடம் முறையிட்டார். தோடர்மல் ஆற்காட்டு நவாப் பக்கத்துத் தளபதி. எந்தப் பக்கத்துக்குப் பயந்து பெருமாள் ஓடினாரோ, அந்தப் பக்கத்து ஆள்தான் படையோடு போய், பாளையக்காரரை மிரட்டி மீட்டுக்கொண்டுவந்தார். 1710. இதைச் சொல்லும் கல் கோயிலுக்குள்ளேயே நிற்கிறது. பங்குனி உத்திரட்டாதியில் உடையார்பாளையம் உற்சவம் என்று வருஷா வருஷம் கொண்டாடவும் செய்கிறார்கள். கூடவே போன பங்காரு காமாட்சி மட்டும் காஞ்சிக்குத் திரும்பவில்லை, தஞ்சாவூரிலேயே தங்கிவிட்டாள்.

குளக்கரையில் நான் கேட்ட எட்டுப் பேரில் ஒருவர்கூட இந்தப் பாடைக் கதையைச் சொல்லவில்லை. கல்லில் வெட்டி வெயிலில் நிறுத்திவிட்டால் அதில் ரகசியம் என்ன இருக்கிறது, யார் எட்டிப் பார்ப்பார்கள்? பல்லி தரிசனத்துக்கு வரிசையில் நிற்பவர்களுக்குத் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியின் முற்பிறவி எல்லாம் மனப்பாடம். தோடர்மல்லைக் கேட்டால் ‘அது எந்த ஸ்டாப்பிங்?’ என்பார்கள்.

பையனுக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. மரம் இத்தனை வருஷம் தண்ணீரில் கிடந்தால் உளுத்துப்போகாதா? மந்திரம் ஏதாவது இருக்க வேண்டுமே. அவன் அப்பாவே நாடாவை நிறுத்திவிட்டுக் காது கொடுத்த ஒரே கேள்வி இது. காற்றுப் படாத ஆழத்தில், சேற்றுக்கு அருகில், மரத்தைத் தின்னும் பூஞ்சைகளுக்கு மூச்சுக் கிடைக்காது. அதனால் மரம் வெகு மெதுவாகத்தான் கெடும். ஸ்வீடனில் ‘வாசா’ என்று ஒரு போர்க்கப்பல். 1628இல் முதல் பயணத்திலேயே துறைமுகத்தை விட்டு அதிகம் போகாமல் கவிழ்ந்தது. 333 வருஷம் கழித்து 1961இல் தூக்கினார்கள். கிட்டத்தட்ட முழுசாக வந்தது. தொல்லையே வெளியே வந்த பிறகுதான் ஆரம்பம். உலர்ந்தால் சுருங்கிப் பிளந்துவிடும் என்று பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தைப் பதினேழு வருஷம் பீய்ச்சி அடித்துக்கொண்டே இருந்தார்கள். மரத்துக்கு ஆபத்து தண்ணீரில் இருப்பதைவிட வெளியே வைப்பதில்தான் அதிகம். 48 நாளோடு உள்ளே அனுப்பியது நல்லதுதான் என்று எனக்குத் தோன்றியது அதனால்தான்.

இங்கேதான் நான் ஒரு தப்புப் பண்ணினேன்.

வாசாவுக்கு அந்தத் திரவம் அடிப்பதை எப்போது நிறுத்தினார்கள் தெரியுமா? 1979. அத்தி வரதர் வெளியே வந்தது எப்போது? 1979 ஜூலை. ஹினாமிசாவாவில் அணைத் திட்டத்துக்காரர் கொல்லப்பட்டு அந்தத் தொடர் சாவு ஆரம்பிக்கிற வருஷம்? கதைப்படி 1979 ஜூன்! தண்ணீரில் மூழ்கிய மரம், தண்ணீரில் மூழ்கிய சாமி, தண்ணீரில் மூழ்கப்போகிற ஊர். மூன்றும் ஒரே வருஷம். இதைப் பையனிடம் விளையாட்டாகத்தான் சொன்னேன். தியரி எப்படிப் பிறக்கிறது பார், தொடர்பில்லாத மூன்று இழையை ஒரு முடிச்சில் போட்டால் போதும், மீதியைக் கேட்கிறவன் நெய்துகொள்வான் என்று புரியவைக்க. ஆயாகூடச் சிரித்தார். பையன் சிரிக்கவில்லை. போனை எடுத்துக் குறித்துக்கொண்டான்.

வைகாசி கருட சேவைக்கு மறுபடி போனேன். விடியற்காலை, சன்னதித் தெருவில் நிற்க இடமில்லை. கோபுர வாசலில் கருடன் மேல் பெருமாள் வெளிப்படும்போது ஒரு கணம் குடைகளைச் சாய்த்து அவரை முழுசாக மறைப்பார்கள். தொட்டாச்சாரியார் சேவை என்று பேர். சோளிங்கரில் இருந்த தொட்டாச்சாரியாருக்கு ஒரு வருஷம் காஞ்சிக்கு வர முடியவில்லை. பெருமாளே அங்கே தக்கான் குளக்கரைக்குப் போய்த் தரிசனம் தந்தாராம். அந்தக் கணம் இங்கே அவர் இல்லை, அதனால்தான் குடை. ஆயிரக்கணக்கானவர்கள் ஒன்றும் தெரியாத ஒரு குடைத்துணியைப் பார்த்துக் கை கூப்பிக்கொண்டிருந்தோம்.

பக்கத்தில் நின்றவர், நாற்பது வயதிருக்கும், நெற்றியில் புதுத் திருமண், என் காதருகே குனிந்து, ‘உள்ளே இருக்கிறவரப் பத்தித் தெரியுமா சார்? எழுபத்தொன்பதுல நாலு விஷயம் ஒண்ணா நடந்துச்சு’ என்றார். அணை, கப்பல், குளம். நாலாவதாக, அந்த வருஷம் ஜப்பானில் ஒரு கோயில் குளம் வற்றி உள்ளேயிருந்து அத்தி மரச் சிலை ஒன்று வந்ததாம்.

‘இத யாரு சொன்னது?’

குடை விலகியது. கோவிந்தா என்று தெரு முழுக்க எழுந்தது. அவரும் கையைத் தலைக்கு மேலே தூக்கினார். இறக்கிய பிறகு என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்துக் கேட்டார்:

‘இங்க எல்லாருக்கும் தெரியும் சார். நீங்க வெளியூரா?’